இன்றைய பயிற்சி

சுபாஸ்கரன் சேர் றோல்ஸ் தின்ற விரலால் கணினித் திரையைத் தொட்டுக் காட்டினார். எண்ணெய் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"றொசாந்தி, இண்டைய பயிற்சி உதுதான். லண்டனிலை மூண்டு கடை உள்ள ஒரு முதலாளி எண்டு வையும். ரெண்டாவது கடைக்கு நெட்வேர்க் இல்லை. பிழையைக் கண்டுபிடியும்."

எட்டு மணித்தியால நெட்வேர்க் செய்முறைப் பரீட்சைக்காக, நல்லூரில் அவருடைய ரியூசன் அறையில் காசு கட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என் தலைக்கு மேல் நின்று மென்றார்.

"கெதியாப் பாரும் பிள்ளை."

"இந்தக் கட்டளை வரியை மாத்திப் பாக்கட்டே சேர்?"

"பயிற்சிதானே. பயப்பிடாமல் மாத்தும்."

மாற்றினேன். இணைப்பு வந்துவிட்டது.

உடனே அவருடைய போன் அடித்தது. எண்ணெய்க் கையால் எடுக்க முடியாமல், சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சேர், லண்டனிலை இருந்து கதைக்கிறன். ரெண்டாவது கடைக்கு இப்ப லைன் வந்திட்டுது. உங்கடை ஆக்கள் விண்ணர்தான். பில்லை அனுப்பிவிடுங்கோ."

அவசரமாகப் போனை அணைத்தார். றோல்ஸை மட்டும் விடவில்லை.

"உண்மையான நெட்வேர்க்கிலை பழகிறது பரீட்சைக்கு நல்லம் பிள்ளை."

போன மாதம் ஒரு ஹோட்டல். அதற்கு முந்தி ஒரு பல் வைத்தியர். எல்லாமே பயிற்சி என்றுதான் சொல்லியிருந்தார்.

மாற்றிய வரியைப் பழையபடி ஆக்கினேன்.

போன் திரும்பவும் அடித்தது. சேர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை செய்தனீர்?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"பயிற்சிதானே சேர். பயப்பிடாதேங்கோ."