மாறு

கதவின் உள்பக்கக் கைப்பிடி கையோடு கழன்று வந்தபோதுதான், குளிர்கிடங்குக்குள் இருந்த ஏழு பேருக்கும் சிரிப்பு நின்றது.

வெளியே சாப்பாட்டு நேரம். தட்டினால் கேட்க ஆளில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. அபாய மணிப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

அந்த எழுவரில் மேற்பார்வைக்காரியும் ஒருத்தி. அவளுக்கு அங்கே ரேடியோ அக்கா என்று பெயர். மீன் பெட்டியைக் கொஞ்சம் கோணலாக அடுக்கிவிட்டால் போதும், கிடங்கின் மறுகோடியிலிருந்து குரல் வந்துவிடும்.

அன்றும் ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். அதற்கு எதற்கு என்று தடித்த கோட்டை வெளியிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

ஆளுக்கொரு மூலையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு பார்த்த படம் அவளுக்கு நினைவு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பனி; நடுவே ஒரே கும்பலாகப் பென்குவின்கள்.

"எல்லாரும் இங்க வந்து ஒட்டி நில்லுங்க. நான் மாறுன்னு சொன்னா, வெளிய நிக்கிறவங்க உள்ள வரணும், உள்ள இருக்கிறவங்க வெளிய போகணும். பென்குவின் அப்படித்தான் பிழைக்குது."

ஒருவரும் கேலி செய்யவில்லை. சுமை தூக்குகிறவன் தன் அகன்ற முதுகை முதலில் காற்றுக்குக் கொடுத்தான். வெகுநாளாக முகம் பார்த்துப் பேசாத சகலைகள் இருவரும் தோளோடு தோள் ஒட்டினார்கள்.

"மாறு" என்றாள். கும்பல் நெளிந்தது. வெடவெடத்த முதுகுகள் உள்ளே வந்தன. சூடேறிய முதுகுகள் வெளியே போயின.

"மாறு."

போகப்போக அவளுக்குக் கால் இருக்கும் இடம் தெரியவில்லை. கண் இருட்டியது. ஆனால் 'மாறு' மட்டும் தவறாமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. என் ஆட்களில் ஒருத்தரையும் விடமாட்டேன் என்ற வீம்பு அவளுக்கு.

சாப்பாட்டு நேரம் முடிந்தும் ரேடியோ சத்தம் கேட்கவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் காவலாளி கதவைத் திறந்தார்.

மருத்துவமனையில் எல்லோரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். விரல் நுனிகள் மரத்துப்போனதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. இத்தனை நேரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். ரேடியோ அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

"அவ்வளவு கத்தியும் எனக்குத் தொண்டை கட்டவே இல்ல, பார்த்தீங்களா?"

எதிர்க் கட்டிலில் மூத்த சகலை இளையவனைப் பார்த்தான். இளையவன்தான் பேசினான்.

"மூணாவது தடவை சொல்லும்போதே நீங்க சாஞ்சிட்டீங்கக்கா. உங்களுக்குக் கோட்டு வேற இல்ல. அதான் நடுவுலயே நிறுத்திப் பிடிச்சுக்கிட்டோம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் மாறு மாறுன்னு சொன்னது யாரு?"

"எல்லாரும்தான். வாய் மரத்துப்போக மரத்துப்போக அடுத்தவங்க சொன்னோம். உங்க அளவுக்குக் கத்தத்தான் ஒருத்தருக்கும் வரல."

 சாயங்காலம் பதறியடித்து ஓடிவந்த மகளிடம் ரேடியோ அக்கா, சுற்றியிருந்த கட்டில்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டிச் சொன்னாள்.

"நம்ம ஆளுங்க."