குமட்டுதா?

"நல்லாக் குமட்டுதா?" என்று ஆவலோடு கேட்டார் குழாய்க்காரர்.

"குடலையே புரட்டிக்கிட்டு வருதுங்க," என்றாள் மனைவி, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

குழாய்க்காரருக்கு வாயெல்லாம் பல். பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "கேட்டீங்களா? காலையில பாத்ரூம்ல ஒரே வாந்தி. கதவுக்கு வெளியவே நின்னு கேட்டேன்," என்றார். மகள் முதல் ரேங்க் வாங்கியதைக்கூட யாரும் அத்தனை பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வழியாக வந்த ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸுக்குப் பகீர் என்றது.

முதல் நாளே அந்த ஆஸ்பத்திரி ஹாலில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் தானாகப் போய்ச் சரிசெய்து கொடுத்ததால் அவர் எல்லோருக்கும் குழாய்க்காரர் ஆகிவிட்டார். தொழிலும் அதுதான். மனைவிக்கு வந்திருப்பது தசையில் வரும் அபூர்வமான புற்றுநோய். அதற்கென்று இதுவரை மருந்து கிடையாது. புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. அசல் மாத்திரை என்றால் குமட்டும் என்று அந்த ஹாலில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து குழாய்க்காரர் வீட்டில் வாந்திதான் நல்ல சேதி.

நர்ஸுக்கு அந்த ஜோடியை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் வேலை வேலைதானே? உண்மையிலேயே வாந்தி என்றால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சும்மா விட்டால் ஆபத்து. அந்த அம்மாளை மட்டும் உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"காலையில ஒரே வாந்தியாமே? போன தடவை என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களேம்மா."

அம்மாள் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் ஒண்ணும் இல்ல சிஸ்டர். கல்லைத் தின்னாலும் செரிச்சிடும் போல இருக்கு."

"அப்ப அவர் சொல்றது?"

"எல்லாம் நாடகம். காலையில பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு, குழாயைத் திறந்துவிட்டு, 'உவ்வே'ன்னு ரெண்டு தடவை சத்தம் கொடுப்பேன். அதைக் கேட்டாத்தான் மனுஷன் நிம்மதியா சாப்பிட உக்காருவார். ஒருநாள் மறந்து தொலைச்சிட்டேன். தட்டுல கையே வைக்கல. 'ஏன், இன்னைக்குக் குமட்டலையா'ன்னு கேட்டார் பாருங்க, அந்த முகத்தை என்னால பார்க்க முடியல."

நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"எனக்குக் கிடைச்சது வெத்து மாத்திரைதான் சிஸ்டர்."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. அசலைச் சாப்பிடற எல்லாருக்கும் குமட்டும்னு இல்ல. உங்களுக்கு வேண்டாம்னா எப்ப வேணாலும் விலகிக்கலாம். ஏன்னுகூட கேக்க மாட்டோம்."

"விலகறதா? நல்லா இருக்கே. வெத்து மாத்திரையையும் யாராவது முழுங்கினாத்தானே அசலோட அருமை தெரியும். எனக்குப் பின்னால வர்றவளுக்காவது உதவட்டும். நீங்க உள்ளதை உள்ளபடி எழுதிக்குங்க. அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. உடைஞ்சு போயிடுவார்."

"நீங்க சொன்னது இந்தக் கதவைத் தாண்டாதும்மா," என்றாள் நர்ஸ்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு அவளை அனுப்பிவிட்டு நர்ஸ் வெளியே வந்தாள். குழாய்க்காரர் எழுந்து அவள் பின்னாலேயே வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் நர்ஸ். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவர் நின்றார். "சிஸ்டர், ஒரு உதவி. ஹால்ல நான் அடிச்ச தம்பட்டம் உங்க காதுல விழுந்திருக்கும். தப்பித்தவறி அவளுக்கு வாந்தின்னு எழுதிடாதீங்க."

நர்ஸ் திகைத்துப் போனாள். "நீங்கதானே கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன்னு சொன்னீங்க?"

"கேட்டேனே. அதனாலதான் சொல்றேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை ஏமாத்திட்டோம்னு வெளிய வரும்போது அவ முகத்துல ஒரு சந்தோஷம் தெரியும். அதைப் பார்க்கத்தான் தினமும் 'குமட்டுதா'ன்னு கேக்கறேன். ஆயுசு பூரா பைப்பு வேலை பார்த்தவன் சிஸ்டர், வெறும் தண்ணி மட்டும் போற சத்தம் எனக்குத் தெரியாதா?"