கயிற்றில் ஏழு கடி

சுண்டெலியும் ஓணானும் மூங்கில் தெப்பத்தில் மலையிடுக்கு ஆற்றில் இறங்கி மூன்று நாளாயிற்று. நீர்ச்சரிவு வரும்போதெல்லாம் ஓணான், "ஓஹோ!" என்று கத்தும். சுண்டெலி கத்தாது. சரிவுக்கு ஒரு கடி என்று, தெப்பக் கயிற்றைச் சுற்றி வட்டமாகக் கடித்துக் கணக்கு வைக்கும்.

"ஒரு தடவை கத்தித்தான் பாரேன்டா!"

"ஊரில் கேட்டால் எத்தனை என்று சொல்வதாம்?"

ஏழாவது சரிவு இடியாய் முழங்கியது. வட்டம் பிசகாமல் சுண்டெலி ஏழாவது கடியைக் கடித்தது. கயிறு அறுந்தது! தெப்பம் பிரிந்து, இரண்டும் ஆளுக்கொரு மூங்கிலில் சீறிப் பாய்ந்தன.

"பாவி! கெட்டியாய்ப் பிடிச்சுக்கோ!" என்று அலறியது ஓணான்.

மூங்கிலைக் கட்டிக்கொண்டு சுண்டெலி அடுத்த சரிவில் விழுந்தது. கடிக்கக் கயிறு இல்லை.

"ஓஹோஹோ!"

ஓணானே திரும்பிப் பார்த்தது. "இது எத்தனையாவதுடா?"

"யாருக்குத் தெரியும்? அதோ, இன்னொண்ணு வருது!"