ஐந்தடி எட்டு

விண்ணப்பத்தில் உயரம் என்ற இடத்தில் 173 செ.மீ. என்று எழுதியிருந்தான்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக நீட்டச் சொன்னேன். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து அடுத்த நடுவிரல் நுனிவரை டேப்பைப் பிடித்தேன்.

158. ஐந்தடி இரண்டு.

கால் போனவர்களின் உயரத்தை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடிப்போம். கையை விரித்தால் வரும் நீளமும் ஆளின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் அங்குலம், இரண்டங்குலம் முன்னே பின்னே இருக்கும். ஆறு அங்குலம் இருக்காது.

இன்னொரு தடவை அளந்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் மெக்கானிக். வயது முப்பத்தொன்று. நான்கு மாதத்துக்கு முன் ஒரு வேன் ஏறியதில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன.

செயற்கைக் கால் செய்யும் இந்த அறையில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இரண்டு காலும் போனவர்கள் தங்கள் உயரத்தைத் தாங்களே சொல்லலாம். ஓர் அங்குலம் கூட்டிக் கேட்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். நானும் கண்டுகொள்ளாமல் வைத்துக் கொடுத்துவிடுவேன். நானே ஐந்தடி ஒன்று. மச்சான் கல்யாணப் போட்டோவில் என்னைக் குழந்தைகளோடு முன்வரிசையில் நிற்க வைத்தார்கள்.

"ஆறு அங்குலம் கூட்டினா நிலை நிக்காது தம்பி. விழுந்தா இடுப்பு போயிடும்."

"பரவாயில்லை சார். விழுந்து விழுந்து பழகிக்கிறேன்."

பிறகு மெதுவாகச் சொன்னான்.

தன்னோடு வந்து வெளியே காத்திருக்கும் பெண்ணை ஒரு டேட்டிங் ஆப்பில்தான் பார்த்திருக்கிறான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தன்னைப் பற்றி எழுதியதற்குக் கீழே, ஐந்தடி எட்டுக்குக் குறைந்தவர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு வரி போட்டிருந்தாள். இவன் ஐந்தடி எட்டு என்று போட்டுவிட்டான். உட்கார்ந்திருக்கும் படங்களாகப் பார்த்துப் போட்டான்.

ஆறு வாரம் போனில் பேசினார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். நேரில் பார்ப்பது என்று முடிவான நாளில் இவன் முதலிலேயே காபிக் கடைக்குப் போய் மூலை மேசையில் உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்று மெசேஜ் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கோங்க என்று பதில் எழுதிக்கொண்டே தெருவைக் கடந்தபோதுதான் வேன்.

அவன் போனில் கடைசியாக இருந்தது அவள் எண். ஆம்புலன்ஸ்காரர்கள் அதற்குத்தான் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே ஓடி வந்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. நகம் வெட்டிவிடுகிறாள். இவனுக்காக டாக்டரோடு சண்டை போடுகிறாள்.

"அன்னிக்கு அவங்க வராததே நல்லதாப் போச்சு சார். நான் நின்னு அவங்க பார்த்ததே இல்லை. இப்ப அஞ்சடி எட்டு வெச்சுட்டா, நான் சொன்னது பொய்யே இல்லைன்னு ஆயிடும்."

கூட இருப்பவர் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். என்னைவிட ஒரு கைப்பிடி உயரம். பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் கேட்டாள்.

"எவ்வளவு உயரம் கேட்டார் சார்?"

"அதை அவர்தான் சொல்லணும்மா."

"அஞ்சடி எட்டுதானே?"

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அவ்வளவு வேண்டாம் சார். அவர் அவ்வளவு உயரம் இல்லை."

"அவர் நின்னு நீங்க பார்த்ததே இல்லைன்னு சொன்னாரே."

தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. காபிக் கடைக்கு எதிர்லதான் நின்னுட்டிருந்தேன். அவர் வந்தார், கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனார். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அந்த மெசேஜை அனுப்பினேன்."

பக்கத்து வார்டிலிருந்து யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது வராந்தா முனையில் திரும்பி மறையும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீங்க சொல்லிடாதீங்க சார். நானே சொல்றேன். நாலு மாசமா அதைச் சொல்லத்தான் தினமும் வர்றேன்."

கையெழுத்தைப் போட்டுத் தாளை என்னிடம் கொடுத்தாள். எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அவன் என்னைக் கூப்பிட்டான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவன் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"நூத்தம்பத்தெட்டே எழுதிக்கோங்க சார்."

எழுதினேன். நாளைக்குக் காலுக்கு அச்சு எடுக்க வேண்டும், ஒன்பது மணிக்கு வர வேண்டும், தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம் தேவை என்றேன்.

அவன் மறுபடி சுவரைப் பார்த்தான்.

பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"நாளைக்குக் கடைக்கு லீவு போட முடியுமா?"