மாதிரி வகுப்பு

"மோட்டார் முழு வேகத்துல ஓடக் கூடாது. டூட்டி சைக்கிள் எழுபது பர்சன்ட் வேணும். டைமரை எப்படிம்மா செட் பண்ணுவீங்க?" என்று கேட்டார் பிரின்சிபால்.

பெரம்பலூரை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியின் லேபில், மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு முன்னால் நின்றிருந்தாள், ஆசிரியர் வேலை இன்டர்வியூவுக்கு வந்திருந்த பாக்யலட்சுமி.

"அதோ, திருமுருகன் சார். அவரை ஸ்டூடண்டா நெனச்சிக்கிட்டுச் சொல்லிக்கொடுங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"டைமர் நூறு வரைக்கும் எண்ணும் சார். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அந்த நூறுல எழுபது எண்ணற வரைக்கும் மோட்டாருக்கு கரண்ட் போகும். மிச்சத்துக்குப் போகாது."

"அப்ப மோட்டார் நின்னு நின்னு ஓடாதா?"

"ஓடாது சார். ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகுது. நிக்கறதுக்கு அதுக்கு நேரமே இல்ல. வேகம் மட்டும் குறையும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. நானே போட்டுப் பாக்கறேன்."

அவன் இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டான். வேண்டுமென்றே சோதிக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. முகம் சுளிக்காமல் திருத்தினாள். மோட்டார் சீராகச் சுழன்றது.

"பிரமாதம்மா! லெட்டர் வூட்டுக்கு வரும்" என்றார் பிரின்சிபால்.

பஸ் ஸ்டாப்பில் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தான் தமிழ்மாறன். அவள் ஏறக்குறைய ஓடிவந்தாள்.

"என்னங்க, இந்தத் தடவை கெடைச்சிடும்!"

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"அங்கெல்லாம் செட்டிகுளத்துல எந்தத் தெருன்னு கேட்டாங்க. அதோட முடிஞ்சிது. இங்க ரெண்டு மணி நேரம் பாடத்தைத் தவிர ஒண்ணும் கேக்கலைங்க."

வெங்காயக் காட்டில் கூலி வேலை பார்த்து அவளை பி.ஈ. படிக்க வைத்தவர்கள் அவள் பெற்றோர். பட்டம் வாங்கி நான்கு வருடமாகியும் வேலை கிடைக்கவில்லை. குழந்தையை வாங்கி முத்தமிட்டாள். கண் கலங்கியது.

ஒரு பைக் வந்து நின்றது. திருமுருகன்.

"மேடம், ஒரு டவுட்டு. இருபதுக்குக் கீழ வெச்சா மோட்டார் சும்மா உறுமுது. ஓட மாட்டேங்குது."

இதுவும் இன்டர்வியூதான் போலும் என்று அவள் உற்சாகமாக நிமிர்ந்தாள். "ஆரம்பிக்கும்போது கொஞ்ச நேரம் நூறு குடுங்க சார். சுத்த ஆரம்பிச்சதும் குறைச்சிக்கலாம்."

"ஓ! ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

தமிழ்மாறன் பணிவாக முன்னால் வந்தான். "சார், எப்ப வந்து ஜாயின் பண்ணணுங்க?"

திருமுருகன் குழந்தையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"லெட்டர் வரும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க மேடம். இருந்தது ஒரே போஸ்ட்தான். அதுல போன வாரமே என்னைப் போட்டுட்டாங்க. திங்கக்கிழமை இந்த லேபை நான்தான் எடுக்கணும், எனக்கு ஒண்ணும் தெரியல. இன்டர்வியூன்னு ஒரு கார்டு போட்டா யாராவது நல்லா படிச்சவங்க வந்து உனக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போவாங்கன்னு, கரஸ்பாண்டன்ட்... எங்க மாமாதான் சொன்னாரு."