வேப்பங்காப்பு

மகளின் வளைகாப்புக்கு வந்த வினோதினி, மண்டப வாசலில் ரத்தம் பார்க்கும் கருவியில் விரலை வைத்தாள். எல்லோருக்கும் பச்சையாக எரிந்த விளக்கு அவளுக்குச் சிவப்பாக எரிந்தது.

“எனக்கு எச்.ஐ.வி. கிடையாது சம்பந்தி. முப்பது வருஷம் முன்னாடி அதுக்கான தடுப்பூசியைச் சோதிச்சுப் பாக்க ஆள் கேட்டாங்க, கை நீட்டினேன். அந்தப் பழைய ஊசியால ரத்தத்துல வந்த எதிர்ப்புச் சக்தியைத்தான் கருவி நோய்னு காட்டுது.”

“தெரியாதா எனக்கு? நீங்க போட்டுக்கிட்டதாலதானே எங்களுக்கெல்லாம் நல்ல ஊசி கிடைச்சுது” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, வழிவிடாமல். “ஆனா வந்தவங்க விளக்கைத்தானே பாப்பாங்க.”

ஆதிரை வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவின் தட்டில் கண்ணாடி வளையல்கள் இருந்தன; மேலே, பெற்றவள் முதலில் போட வேண்டிய வேப்பங்காப்பு. வினோதினி அதை எடுத்ததும் மகள் கையை நீட்டவில்லை. பிளாஸ்டிக் பையை விரித்தாள்.

“இதுல போடும்மா. காப்பு மட்டும் போதும். வேம்புல கிருமி ஒட்டாதாம், அத்தை சொன்னாங்க.”

வினோதினி போட்டாள்.

பையை முடிச்சிட்டபடியே ஆதிரை கேட்டாள்: “பிறந்த அன்னைக்கே பிள்ளைக்கு அந்த ஊசி போட்டுடுவாங்களாம். உனக்குத்தான் தெரியும். ரொம்ப வலிக்குமாம்மா?”