ஓக்கன்ஷா பலகை

ஹெரால்ட் பிஸ்கட் டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்தான். கோப்பைகளிலிருந்த தேநீர் சிந்தியது.

"ஓக்கன்ஷான்னு பேரு உள்ளவங்க எல்லாம் வாங்கன்னுதானே கடுதாசி போட்டீங்க? பலகையில எங்கப்பா எங்கே?"

தேவாலயக் கூடத்தில் எழுபது பேர். எழுபதும் ஓக்கன்ஷா. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைத் தாண்டினால் அந்தக் குடும்பப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அதனாலேயே அந்தப் பெயரில் புகழ் வாங்கியவர்களின் படங்களைத் தேடிப் பிடித்துப் பலகையில் ஒட்டியிருந்தாள் ஓக்கன்ஷா சங்கச் செயலாளர் முரியல். ஒரு பிஷப், ஒரு கிரிக்கெட்காரர், பஸ் கம்பெனி முதலாளி. நடுவில், தட்டைத் தோளில் தூக்கிச் சிரிக்கும் பிஸ்கட் கம்பெனி நிறுவனர் எட்வின் ஓக்கன்ஷா. டப்பாவிலும் அதே படம், அதே சிரிப்பு.

"இது பேர் எடுத்தவங்க பலகை, ஹெரால்ட். உங்கப்பா அந்தக் கம்பெனியில அடுப்படி ஆளு. தப்பா நினைக்காதே," என்றாள் முரியல்.

"முப்பத்தொரு வருஷம் அடுப்புல வெந்தாரு. நெஞ்சுல மாவு அடைச்சுச் செத்தாரு. இன்னும் என்னம்மா வேணும்?"

"ராணிக்கு பிஸ்கட் ஊட்டி விட்டிருக்கணும்!" என்றான் பஸ் கம்பெனிக்காரரின் பேரன். கூடமே சிரித்தது.

ஹெரால்ட் சட்டைக் கையைச் சுருட்டினான். அவனும் அதே அடுப்படியில் வெந்தவன்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏணிப்படி மாதிரி சூட்டுத் தழும்பு. அடிக்க வருகிறானோ என்று பேரன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

"எட்வினைப் பாரு." முரியல் நடுப்படத்தைத் தட்டினாள். "கோடீஸ்வரர். கையில எத்தனை தழும்பு! ஆளோட ஆளா நின்னு உழைச்ச மனுஷன். சும்மாவா நடுவுல வச்சோம்?"

"அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அவளுக்கு அலுத்துவிட்டது. "சரி, கத்தாதே. உங்கப்பா படம் ஒண்ணு குடு. ஓரமா ஒட்டிடறேன்."

"வீட்டுல ஒண்ணுகூட இல்ல. வாழ்நாள்ல ஒரே தடவைதான் அவரைப் படம் பிடிச்சாங்க. அதுவும் கம்பெனியில. அன்னிக்கு முதலாளி ஸ்காட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போயிட்டாராம்."

"அப்போ எதை ஒட்டச் சொல்றே?"

ஹெரால்ட் நடுப்படத்தின் கீழிருந்த பெயர்ச்சீட்டை வெடுக்கென்று கிழித்தான்.

"ஒட்டியாச்சும்மா. பேரை மட்டும் மாத்து."